எலியாவுக்குப் போட்ட நாற்காலி

இட்லி மாவைச் சாக்கடையில் ஊற்றிய வெள்ளிக்கிழமையோடு அந்துவானின் வீடு இரண்டு நாடானது. கூடம் இஸ்ரவேல். சமையலறை வேளாங்கண்ணி. நடுவே இருந்த படியில் காவல் யாரும் நிற்கவில்லைதான். ஆனாலும் அதைத் தாண்டுவதற்கு இரண்டு பக்கத்துக்கும் மனசு வரவில்லை.

மாவு சுகிர்தா அரைத்தது. குருத்தோலை ஞாயிறன்று பவனி முடிந்து களைத்து வந்து இரண்டு இட்லி ஊற்றிச் சாப்பிடலாம் என்று முன்கூட்டியே அரைத்து வைத்திருந்தாள். அது பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றதை அவள் கணவர் அந்துவான் பார்த்தார். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகைக்கு முன் வீட்டில் புளித்த மாவு ஒரு பொட்டும் இருக்கக் கூடாது என்பது மோசேக்கு இட்ட கட்டளை. ஆண்டவர் கோதுமையை மட்டும் மனதில் வைத்துச் சொன்னாரா, உளுந்தையும் சேர்த்துச் சொன்னாரா என்று எருசலேமில் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. காரைக்காலில் அந்துவான் தாமே வாதாடி, தாமே தீர்ப்புச் சொல்லி, தாமே பாத்திரத்தைக் கவிழ்த்தும் விட்டார்.

சுகிர்தா கத்தவில்லை. வெறும் பாத்திரத்தை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த வீட்டுல இன்னும் புளிச்சதுன்னு நான் ஒருத்திதான் பாக்கி. என்னையும் கொண்டுபோய் ஊத்திட்டு வந்துருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. பிரான்சில் இருக்கும் மகள் கூப்பிட்டால், அவரும் கேட்கட்டும் என்று சுகிர்தா எப்போதும் ஸ்பீக்கரில் போடுவாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஸ்பீக்கரும் இல்லை. மகள் என்ன சொன்னாள் என்பதை, சுகிர்தா சிரித்தாளா பெருமூச்சு விட்டாளா என்பதை வைத்து அவர் ஊகிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாளாகப் பெருமூச்சுதான்.

அந்துவான் பிறந்ததும் கத்தோலிக்கப் பெரிய கோயிலில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அங்கேயே பூசைக்கு மணியடித்தார். அங்கேயே சுகிர்தாவுக்குத் தாலி கட்டினார். பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்தவரை மதில் சுவரின் கோணல்தான் அவர் கண்ணில் படும். ஓய்வு பெற்றதும் திருச்சபையின் கோணல் படத் தொடங்கியது. கையில் போனும் போனில் பிரசங்கமும் இருந்தால் யாருக்கும் படும். முதலில் சுரூபங்கள் உறுத்தின. மாதாவைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். சுகிர்தா அன்று சாயங்காலமே இறக்கிச் சமையலறை அலமாரியில் ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் குடியமர்த்தினாள். பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். அங்கே ஞாயிற்றுக்கிழமை உறுத்தியது: ஓய்வுநாள் சனிக்கிழமையல்லவா? கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ரோமாபுரிக்காரன் கொண்டுவந்த அஞ்ஞானம் என்று கண்டுபிடித்த வருஷம் வாசலில் நட்சத்திரம் தொங்கவில்லை. பஸ்காவுக்கு மோசே சொன்னபடி வாசல் நிலையில் ஆட்டு இரத்தம் பூசும் யோசனையை மட்டும், "போலீசுக்குப் போன் போட்டுருவேன் சார்" என்று எதிர்வீட்டு நீலாயதாட்சி சொன்னதும், ஆவிக்குரிய அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக அவர் ஒதுங்கிய கரை, யூத முறைப்படி இயேசுவைக் கும்பிடும் ஷிமோனின் சபை. சிவநாதனாகப் பிறந்து, ஞானஸ்நானத்தில் சீமோனாகி, இஸ்ரேலுக்கு ஒரு சுற்றுலா போய்வந்ததும் ஷிமோனாகிவிட்டவர் அவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் போட்ட தகரக் கொட்டகையில் கூட்டம். காரைக்கால் புழுக்கத்தில் கம்பளிச் சால்வையைத் தலைமேல் போர்த்திக்கொண்டு யெஷுவா, யெஷுவா என்பார். இயேசு என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அவருக்காக ஜெபிப்பார். ஆன்லைனில் வரவழைத்த ஆட்டுக்கொம்பை எடுத்து முதல் ஓய்வுநாளன்று அவர் ஊதியபோது, கீழே தெருவில் பெண்கள் கையில் சட்டியோடு வெளியே வந்து நின்றார்கள். மீன் வண்டிக்காரர் அடிக்கும் ஹாரனும் அப்படித்தான் இருக்கும். அரைமணி நேரம் அவர்கள் காத்திருந்து ஏமாந்ததுதான் அந்தச் சபை ஊருக்குச் செய்த முதல் ஊழியம்.

அந்துவானுக்கு அங்கே பிடித்துப்போனது. பிரசங்கம் அல்ல, ஓய்வுநாள் முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சபை மாறி மாறி வந்ததில் அவருக்குக் கல்யாண வீட்டுப் பந்தியே அற்றுப்போயிருந்தது. பக்கத்து இலைக்காரர் சாம்பார் கேட்பதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவதில் ஒரு ருசி உண்டு என்று அவருக்கு அங்கேதான் நினைவு வந்தது.

அதையும் நிலாதான் கெடுத்தது.

பஸ்கா என்பது முதல் மாதத்தின் பதினான்காம் நாள். மாதம் என்றைக்குப் பிறக்கிறது? ஷிமோனின் போனில் எருசலேம் காலண்டர் இருந்தது, அது சொல்லும். அந்துவான் ஒத்துக்கொள்ளவில்லை. மோசே பிறையைக் கண்ணால் பார்த்துத்தான் மாதம் கணித்தார் என்றார்.

"எருசலேம்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாததா பிரதர் உங்களுக்குத் தெரிஞ்சுட்டு?" என்றார் ஷிமோன்.

"மோசே என்ன ஆப் டவுன்லோட் பண்ணியா செங்கடலத் தாண்டுனாரு?"

கொட்டகையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சபைகள் உடைவதற்குக் கொள்கை வேறுபாடு போதாது; தலைவரைப் பார்த்து யாராவது சிரிக்க வேண்டும்.

பிறை பார்க்க அந்துவான் கடற்கரைக்குத் தனியாகப் போனார். போனால், அடுத்த வீட்டு கபீர் அங்கே மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார். துபாயில் இருபது வருஷம் கடையில் நின்று, இப்போது ஊரில் சொந்தமாகத் துணிக்கடை வைத்திருப்பவர். அவருக்கு அன்று ரமலானின் இருபத்தொன்பதாம் நோன்பு. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள்.

"நீங்க எதுக்குண்ணே?" என்றார் கபீர்.

அந்துவான் விளக்கினார். கபீர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்கள்லயும் பிறைச் சண்டை உண்டா? நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல இன்னைக்கே பெருநாள் முடிஞ்சுட்டுண்ணே. மவன் இஃபாத்து சவூதிப் பிறைக் கட்சி. காலைல புதுச்சட்டை போட்டுக்கிட்டு, 'ஈத் முபாரக் வாப்பா'ங்குறான். நான் நோன்போட உக்காந்து அவன் பிரியாணி திங்கிறதப் பாக்குறேன்."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? பையன் வளந்துட்டான். நெலா ஒண்ணுதான்."

முதலில் கண்டது கபீர்தான். அவர் நீட்டிய விரலைப் பிடித்துக்கொண்டு போன அந்துவானின் கண்ணுக்கும், வெட்டிய நகம்போல அது தெரிந்தது. ஒருவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார், ஒருவர் அல்லேலூயா என்றார். உடனே கபீரின் போன் அலறியது. பிறகு நிற்கவே இல்லை. "தெரிஞ்சுட்டு, தெரிஞ்சுட்டு" என்று கத்திக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனார்.

அந்துவானுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ஷிமோனைக் கூப்பிட்டார்.

"மாதம் நேத்தே பொறந்தாச்சு பிரதர்" என்றார் ஷிமோன்.

"நேத்து பொறந்த பிள்ளைய யாரு பாத்தா?"

போன் அணைந்தது. அத்தோடு சபையும் அணைந்தது. வீட்டுக்கு வந்து சுகிர்தாவிடம், "பிறை தெரிஞ்சுட்டு" என்றார். "கபீர் தம்பிக்கு வாழ்த்துச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் அவள். அவர் சொல்லவில்லை. தோன்றவே இல்லை.

ஷிமோனின் கூட்டம் சனிக்கிழமையே பஸ்கா கொண்டாடிவிட்டது. கண்ணால் கண்ட பிறையின்படி அந்துவானுக்கு ஞாயிறு சாயங்காலம். அன்றைக்கே குருத்தோலை ஞாயிறும். காலையில் பவனி தெருவழியே வந்தது. அவர் ஜன்னலைச் சாத்தினார். சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, ஓசன்னா பாட்டுக்குள் சுகிர்தாவின் குரல் எது என்று தேடினார். சுருதி கொஞ்சம் தூக்கலாகப் பாடுவாள், கண்டுபிடிப்பது சிரமமில்லை. பவனி திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு வேலை கிடந்தது. கறி, ஜவஹர் அலி கடையில் முதல் நாளே சொல்லிவைத்து வாங்கியது. எலும்பு முறியக் கூடாது என்று கட்டளை. "எலும்ப ஒடைக்காம கறி போடச் சொல்ற முதல் ஆளு நீங்கதான் சார்" என்று ஜவஹர் அலி கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முழுத் தொடையை அப்படியே தூக்கிக் கொடுத்தார். அதை மொட்டை மாடியில் கரி மூட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து அந்துவான் சுட்டார். வெளியே கருகிற்று, உள்ளே எப்படி என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். புளிக்காத அப்பத்துக்குச் சப்பாத்தி தேய்த்தார். கசப்புக் கீரைக்குப் பாகற்காயை வதக்கினார். கால் வைத்த இடமெல்லாம் ஒயின் ஷாப் இருக்கிற ஊரில் பன்னீர் திராட்சையைப் பிழிந்து சாறெடுத்தார்.

கூடத்து மேஜைக்கு நான்கு நாற்காலி. ஒன்று அவருக்கு. ஒன்று சுகிர்தாவுக்கு, வரமாட்டாள் என்று தெரியும், தவக்காலம் முடியும்வரை அவள் கறி தொடமாட்டாள், இருந்தாலும் போட்டார். ஒன்று, பஸ்கா ராத்திரி வருவார் என்று யூதர்கள் காத்திருக்கும் எலியா தீர்க்கதரிசிக்கு. யூத வீடுகளில் பஸ்காவன்று எலியாவுக்கு வைப்பது ஒரு கிண்ணம். நாற்காலி போடுவது ஆண்பிள்ளைக்குச் செய்யும் வேறொரு சடங்கில். ஷிமோன் இரண்டையும் கலந்தடித்துச் சொல்லிக்கொடுத்ததில், காரைக்கால் எலியாவுக்குக் கிண்ணமும் கிடைத்தது, நாற்காலியும் கிடைத்தது.

நான்காவது, விருந்தாளிக்கு. கொட்டகையில் அன்று சிரித்த இரண்டு பேரும் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். ஒருவருக்கு மதியம் காய்ச்சல் வந்தது. இன்னொருவர் போனை எடுக்கவில்லை. அந்துவான் வேதத்தைப் புரட்டினார். வழி இருந்தது. ஓர் ஆட்டைச் சாப்பிட ஒரு வீட்டில் ஆள் போதாவிட்டால், அடுத்த வீட்டுக்காரனைச் சேர்த்துக்கொள் என்று மோசேயின் காலத்திலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் சபை உடைந்து தனியாகக் கிடந்த ஓய்வூதியக்காரர் யாராவது இருந்திருக்க வேண்டும்.

மதில்மேல் எட்டிப் பார்த்தார். "கபீரு, இன்னைக்கு நம்ம வீட்டுல சாப்பிட வாயேன்."

"நோன்புல்லண்ணே. பெருநாளைக்கு அப்புறம் ஆறு வைப்போம்ல, அதுல ஒண்ணு பாக்கி."

"பொழுது அடைஞ்சப்புறம்தான் சாப்பாடு."

"கறி யாரு கடைல?"

"உங்க ஜவஹர் அலி."

"அப்ப வந்துட்டாப் போச்சு."

மக்ரிபுக்குப் பாங்கு சொன்னதும் சட்டைப்பையில் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பைத் திறந்து, முற்றத்து ஓரமாகத் தொழுதுவிட்டு, கபீர் மேஜைக்கு வந்தார். அந்துவான் தோளில் சால்வை போட்டிருந்தார். கபீர் அதைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், சமையலறைக் கதவைப் பார்த்தார்.

"பந்தியில யாரு சின்னவங்களோ அவங்க கேள்வி கேக்கணும்" என்றார் அந்துவான். "இந்த ராத்திரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்னு."

"எனக்கு அம்பத்திமூணு ஆவுதுண்ணே."

"எனக்கு அறுவத்தி ரெண்டு."

"சரி, கேட்டுருவோம்." கபீர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு மட்டும் ஏண்ணே இப்புடி இருக்கு? அக்கா ஏன் வந்து உக்காரல?"

அந்தக் கேள்வி முறையில் இல்லை. "அவளுக்குத் தவக்காலம்" என்றார் அந்துவான். சமையலறைக்குள் ஒரு கரண்டி தட்டின்மேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

விருந்தாளிதான் வாசிக்க வேண்டும் என்று வேதத்தைத் திறந்து பஸ்கா அதிகாரத்தைக் கொடுத்தார். கபீர் ஓதுகிற ராகத்தில், நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஆட்டுக்குட்டி, நெருப்பு, கசப்பு, புளிக்காத அப்பம், எல்லாம் வந்தன. அந்துவான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு குரல் தம் மேஜையிலிருந்து எழுவதே அவருக்குப் போதுமாக இருந்தது. அதனால் நிறுத்தச் சொல்ல மறந்தார். நிறுத்தச் சொல்லாத இடத்தையெல்லாம் தாண்டிக் கபீர் போய்க்கொண்டே இருந்தார். யார் யார் சாப்பிடலாம், யார் யார் கூடாது என்கிற பகுதிக்கு வந்து நின்றார்.

"அண்ணே, விருத்தசேதனம்னு போட்டுருக்கே. அது என்ன?"

அந்துவான் கண்ணைத் திறந்தார். பிறைக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய சபையில், கொட்டகையில் இருந்த அத்தனை ஆண்களும் அந்த வரியை மட்டும் குனிந்த தலையோடு தாண்டிப் போயிருந்தார்கள்.

"உங்கள்ல... சுன்னத்து" என்றார்.

கபீர் வாய்விடாமல் அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார். கறியைப் பார்த்தார்.

"அப்ப, அது ஆவாதவங்க இதத் தொடவே கூடாது."

"ம்."

"நான் சாப்பிடலாம்."

"சாப்பிடலாம்."

"நீங்க..." என்று ஆரம்பித்து, பண்பாக நிறுத்திக்கொண்டார் கபீர். சப்பாத்தியின் ஓரத்தைக் கிள்ளினார்.

"அது அந்தக் காலத்துக் கட்டளை" என்றார் அந்துவான். குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "வெளி சனத்துலேருந்து வர்றவங்களுக்கு அது வேண்டியதில்லன்னு எங்க அப்போஸ்தலருங்க எருசலேம்லயே கூட்டம் போட்டுத் தீர்த்தாச்சு. எங்களுக்கெல்லாம் அது இருதயத்துல நடந்தாப் போதும்."

கபீர் யோசித்தார். கேலி செய்யும் முகமாகவே இல்லை.

"அப்ப பிறையையும் இருதயத்துலயே பாத்துருக்கலாமேண்ணே? அன்னைக்குக் கடக்கரைல அம்புட்டுக் கொசு கடிச்சிருக்காது."

சமையலறைக்குள் சுகிர்தா சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் வெடித்து, புரையேறி, மறுபடி சிரித்தாள்.

அந்துவானிடம் பதில் இருந்தது. மூன்று விதமாக இருந்தது. மூன்றுக்கும் வீடியோ இருந்தது. வாயைத் திறந்தார். திறந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று பட்டது. மூடிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் விட்டுக்கொடுத்த முதல் விவாதம் அதுதான். அதை அவர் விட்டுக்கொடுத்ததே அறையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை.

"சாப்பிடு கபீரு" என்றார்.

கபீர் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி சுஹைனாவின் குரல் வந்தது. "அவங்கள கொஞ்சம் அனுப்புங்கண்ணே! இஃபாத்து வந்துருக்கான். வாப்பாவோட சாப்பிடணும்னு காத்துக்கிட்டு நிக்கிறான்."

பெருநாளிலிருந்து மகன் தனியாகச் சாப்பிடுகிறவன். கபீர் எழுந்துவிட்டார், எழுந்த பிறகுதான் எழுந்தது அவருக்கே தெரிந்து, சங்கடமாக நின்றார்.

"போ, போ" என்றார் அந்துவான். "இதையும் எடுத்துட்டுப் போ. விடியறவரைக்கும் மிச்சம் வைக்கக் கூடாது."

"உங்களுக்கு?"

"அதான் வாசிச்சியே."

"அப்ப நீங்களும் வாங்கண்ணே. அங்க மீன் இருக்கு. மீனுக்குச் சட்டம் இல்லையே?"

"பஸ்கா ராத்திரி வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது."

"யாரு சொன்னா?"

"அதுலயே இருக்கு. நீ வாசிச்ச பக்கத்துலதான்."

கபீர் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். சற்று நேரத்தில் மதிலுக்கு அப்பால் தட்டுகள் மோதின, யாரோ எதற்கோ சிரித்தார்கள், "இது என்ன வாப்பா, கரிக்கட்டையா?" என்று ஒரு இளங்குரல் கேட்டது.

அந்துவான் பாகற்காயைச் சாப்பிட்டார். கட்டளைக்குத் தேவையானதைவிடக் கசந்தது.

சுகிர்தா வெளியே வந்தாள். கையில் காலையில் கோயிலில் மந்திரித்த குருத்தோலை, சிலுவையாகப் பின்னியிருந்தது. வாசல் நிலைக்கு மேலே செருகிவைப்பது அவள் வழக்கம். மூன்று வருஷமாக அவர் விடவில்லை. அவள் ஸ்டூலைத் தேடினாள். ஸ்டூல் மாடியில், அணைந்த கரிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் மேஜைக்கு வந்து, எலியாவின் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"இதுல யாராச்சும் வர்றாங்களா?"

அந்துவான் வாசலைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

அவள் அதை இழுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டு ஏறினாள். நாற்காலி ஆடியது. அதற்கு ஒரு கால் கட்டை; அவர்தான் என்றோ அட்டை மடித்து வைத்திருந்தார், அட்டை மேஜையடியில் தங்கிவிட்டது. எழுந்து போய் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவள் கீழே பார்க்கவில்லை. நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த வெடிப்பில் ஓலையை மெதுவாகச் செருகினாள்.

வெளியே நிலா முழுசாக இருந்தது. நேற்று ஷிமோனுக்கும் முழுசாகத்தான் இருந்திருக்கும். ஒரு நாள் வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கிற புத்தி நிலாவுக்கு இல்லை.

"நாளைக்கு மாவு அரைக்கணும்" என்றாள் மேலேயிருந்து. "மறுபடி ஊத்துவீங்களா?"

புளிக்காத அப்பப் பண்டிகை பஸ்காவோடு முடிவதில்லை; ஏழு நாள். அது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவர் தோளைப் பிடிக்காமல், நிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பதிலுக்கு நிற்கவில்லை. படியைத் தாண்டி உள்ளே போனாள்.

நாற்காலியை மேஜைக்குத் திருப்பி எடுத்துப்போக அவருக்குத் தோன்றவில்லை. அங்கேயே, வாசலைத் தாண்டாமல், அதில் உட்கார்ந்தார். ஒரு காலை ஊன்றினால்தான் ஆடாமல் இருந்தது. கபீர் வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

சமையலறையில் டப்பா திறக்கிற சத்தம். பிறகு, படியால் அளந்து உளுந்து பாத்திரத்தில் கொட்டுகிற சத்தம், சின்ன மழைபோல. பிறகு தண்ணீர். ஊறினால் பாவமில்லை, காலையில் அரைத்து வைத்தால், நாளைச் சாயங்காலத்துக்குள் பொங்கி மூடியைத் தூக்கும்.

அவர் எழுந்துபோய்த் தடுக்கவில்லை. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்காரவும் இல்லை. நாற்காலி ஆடாமல் காலை ஊன்றிக்கொண்டு, தண்ணீர் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.